ஒரு சிறு பிள்ளைக்கு எமது வீட்டில் இடம்

"எங்களுக்கே இருக்க ஒழுங்கான வீடில்லை, சுவாமி. இதற்குள் இன்னொருவருடைய பிள்ளையையும் எப்படி வைத்துப் பார்ப்பது?" கிராமக் கூட்டங்களில் சிறுவர் பராமரிப்புப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வி எம்மை நோக்கி வருகின்றது. கேட்பவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள், 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தவர்கள், 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள் எனப் பலரும் அவர்களுள் உள்ளனர். தங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சிய கஞ்சியில் அயல் கொட்டிலின் பிள்ளைக்கும் ஒரு கோப்பை ஊற்றியவர்கள் அவர்கள். ஆகவே இக்கேள்வியை வெறும் சாட்டு என்று நாம் தள்ளிவிடுவதில்லை.

எனினும், வீடு சிறியது என்பது தடையல்ல என்பதே எமது கருத்தாகும். கிடுகுக் கூரையின் கீழே நன்றாக வளர்ந்த பிள்ளைகளையும், மாடி வீட்டிலே வாடிப்போன பிள்ளைகளையும் நாம் கண்டிருக்கின்றோம். ஒரு சிறு பிள்ளையை ஏற்கும் வீட்டுக்கு ஆயத்தம் வேண்டும். அந்த ஆயத்தத்தின் ஒரு பகுதி கிணற்றடியிலும் அடுப்படியிலும் செய்யப்பட வேண்டியது. மற்றப் பகுதி, அதுவே பெரிய பகுதி, வீட்டாரின் மனத்திலே செய்யப்பட வேண்டியது. அதாவது, வரும் பிள்ளை எமது சொத்து அல்ல. தனக்கென ஒரு பெயரும் தாய்வழி தந்தைவழி உறவும் சமயமும் உடைய ஒரு ஆள், பெரும்பாலும் ஒரு நாள் திரும்பிச் செல்ல இருக்கும் ஆள் என்பதை ஏற்றுக்கொள்வது.

யாருடைய பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுகின்றோம்? போரில் தாய் தந்தையரை இழந்த குழந்தைகள் இன்று பிள்ளைகளல்லர். 2009 இல் பிறந்தவர்களும் இப்போது பாடசாலை மேல் வகுப்புகளில் உள்ளனர். இன்று வீடு தேடும் சின்னஞ்சிறுவர்களின் கதைகள் வேறு. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாய் மத்திய கிழக்கு நாடொன்றுக்கு வீட்டுப் பணிக்குச் சென்றிருப்பாள். தந்தை வேறு குடும்பம் தேடியிருப்பார், அல்லது சிறையில் இருப்பார். தாய் மனநோயுற்று வைத்தியசாலையில் இருப்பாள். பதினாறு வயதில் குடும்பமாகி, இருபது வயதுக்குள் தனித்து விடப்பட்ட பெண்ணின் கைக்குழந்தையாகவும் இருக்கலாம். இவர்களை அம்மம்மாவோ அப்பம்மாவோ தூக்கிக்கொள்கின்றனர். அந்தக் கிழவியும் முடியாமல் விழும்போது, பிள்ளை சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்படுகின்றது. நமது நாட்டில் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கின்றார் என்பதைப் பலர் அறியார். அனாதைகள் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகின்றோம்.

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிறுவர் இல்லங்களைத் திருச்சபையும் நடத்துகின்றது. சைவ நிறுவனங்களும் நடத்துகின்றன. செல்லடியின் நடுவே இந்த இல்லங்கள் ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பவர் நன்றி கெட்டவர். ஆனாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இல்லம் உரிய இடமல்ல. நல்ல அருட்சகோதரியாயினும், இருபது குழந்தைகளை ஒருவர் பார்க்கும்போது, இரவில் விழித்து அழும் இருபதாவது குழந்தையிடம் போய்ச்சேர நேரமாகும். பணியாளர் மாறுவர். பிள்ளை ஒருவரோடு ஒட்டிக்கொள்ள, அவர் விலகிச் செல்வார்; இப்படி மூன்று நான்கு முறை நடந்தபின் அது எவரோடும் ஒட்டாது, அல்லது வருகிற போகிற எல்லாரோடும் ஒட்டும். ருமேனியாவின் தலைநகரில் 2000 ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளுள் சீட்டுக் குலுக்கியது போலப் பாதிப்பேர் தெரிவுசெய்யப்பட்டு வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், குடும்பத்துக்குச் சென்றவர்கள் பேச்சிலும் அறிவிலும் பாசத்திலும் முன்னேறினர். இரண்டு வயதுக்கு முன்னர் சென்றவர்களே மிகுதியாக முன்னேறினர். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009 இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டலும், சின்னஞ்சிறு பிள்ளைகளை, சிறப்பாக மூன்று வயதுக்குட்பட்டோரை, குடும்பச் சூழலிலேயே பராமரிக்கும்படி கேட்கின்றது. எங்கள் பேத்திமாருக்கு இது புதிய செய்தியல்ல. ஆனால் அலுவலகங்களுக்குச் சொல்லவேண்டிய இடத்தில் இத்தகைய சான்றுகள் உதவும்.

உறவுப் பிள்ளையை வளர்ப்பது எமக்குப் பழக்கமான காரியம். பெரியம்மா வீட்டில் வளர்ந்தவர், மாமி வீட்டில் படித்தவர் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. தத்தெடுப்பது வேறு, வளர்ப்பது வேறு என்பதைத்தான் பலர் குழப்பிக்கொள்கின்றனர். தத்து என்பது நிரந்தரம். 1941 ஆம் ஆண்டின் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் கட்டளையிட, பிள்ளை புதிய பெற்றோரின் பிள்ளையாகவே ஆகிவிடும். வளர்ப்பு என்பது ஒரு காலத்துக்கானது. பிறந்த பெற்றோர் பெற்றோராகவே இருப்பர். 1707 அளவில் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையிலே, ஒருவர் பிள்ளையைத் தத்தெடுக்கும்போது உரித்துடைய உறவினரின் சம்மதத்துடன் மஞ்சள் நீர் அருந்தும் வழக்கம் கூறப்பட்டுள்ளது. சொத்துக்காக ஏற்பட்ட வழக்கமே அது. என்றாலும், உறவினர் அறியாமல் இருட்டிலே கைமாற்றும் காரியம் அல்ல பிள்ளை என்று எமது முன்னோரும் கருதியிருக்கின்றனர்.

இன்றோ, பிள்ளைகள் இருட்டில் கைமாறுவதைக் காண்கின்றோம். "இரண்டு மாதம் பார்த்துக்கொள், பிறகு வந்து கூட்டிப் போகிறேன்" என்ற வாய்ச்சொல்லோடு ஒரு பிள்ளை விடப்படுகின்றது. பிறப்புச் சான்றிதழ் இல்லை. கிளினிக் கொப்பி இல்லை. தாயின் தொலைபேசி இலக்கம் ஆறு மாதத்தில் வேலை செய்யாது. பின்னர் முதலாம் வகுப்புக்குச் சேர்க்கப் போகையில் அதிபர் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலில்லை. இது வேண்டாம். பிள்ளையை ஏற்க எண்ணும் குடும்பம் முதலில் கிராம அலுவலரிடம் அறிவிக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் உண்டு. மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தின் நன்னடத்தை உத்தியோகத்தர் உண்டு. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைத் தகுதியான ஆளிடம் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். உறவினராயினும் அயலவராயினும் இந்தக் கட்டளையைப் பெற்றுக்கொள்வது நல்லது. உத்தியோகத்தர் வீடு பார்க்க வருவார். வரட்டும். கொட்டிலைக் கண்டு முகம் சுளிக்கும் உத்தியோகத்தரும் இருக்கக்கூடும். அவரிடம் இந்தக் கட்டுரையில் உள்ளவற்றைச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பெற்றோரின் படம், அவர்களின் நிரந்தர முகவரி ஆகியவற்றை ஒரு பொலித்தீன் உறையில் இட்டு, காணி உறுதி வைத்திருக்கும் இடத்திலேயே வையுங்கள். எங்கள் சனம் இடம்பெயரும்போது முதலில் தூக்குவது அந்தப் பொதியைத்தானே.

இனி வீட்டைப் பார்ப்போம். கமக்காரனின் வளவு ஒரு சிறு பிள்ளைக்கு ஆபத்து நிறைந்த இடம். அந்த வளவிலேயே பிறந்த பிள்ளை எது சுடும், எது கடிக்கும் என்று தவழும்போதே கொஞ்சம் கொஞ்சமாக அறிந்துகொள்ளும். புதிதாக வந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த அறிவு இல்லை. "எங்கட பிள்ளைகள் எல்லாம் இந்தக் கிணற்றடியில்தானே வளர்ந்தவை" என்ற பேச்சு இங்கே செல்லாது.

கிணறு முதலாவது. வன்னியில் மீளக்குடியேறிய பல வளவுகளில் கட்டில்லாத கிணறுகள் இன்னும் உள்ளன. தோட்டக் கிணறுகளைச் சொல்லவே வேண்டாம். கட்டுக் கட்டப் பணமில்லையெனில், கதியால் நாட்டிப் பனைமட்டையால் இடுப்பளவு உயரத்தில் சுற்றி அடைத்து, ஒரு படலை போட்டு, அதன் கயிற்றைப் பெரியவரின் தோள் உயரத்தில் கட்டுங்கள். இரண்டு நாள் வேலை. பிள்ளை வருவதற்கு முன்னர் முடிந்திருக்க வேண்டிய வேலை இதுவே. வாளியிலும் தொட்டியிலும் நீரைத் திறந்து வைக்க வேண்டாம். தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால் அரை வாளி நீர் போதும் உயிர் போக.

அடுத்தது மருந்து. தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைக் கூரைச் செத்தையில் செருகி வைப்பது எங்கள் பழக்கம். மீதியைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது அதிலும் கொடிய பழக்கம். மிகக் கொடிய சில நஞ்சுகளை அரசாங்கம் 2008 முதல் படிப்படியாகத் தடைசெய்தது உண்மை. அதனால் எஞ்சியவை பால் ஆகிவிடவில்லை. பழைய றங்குப் பெட்டி ஒன்று இருந்தால் அதற்குள் வைத்துப் பூட்டி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். திறப்பு வீட்டுத்தலைவியிடம் இருக்கட்டும். தெளிகருவி கழுவிய நீரைப் பிள்ளை விளையாடும் இடத்தில் ஊற்ற வேண்டாம். வேலியோரத்து மஞ்சள் அலரியின் கொட்டை எவ்வளவு நஞ்சு என்பது யாழ்ப்பாணத்தில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை; சிறு பிள்ளை வரும் வீட்டில் அந்த மரமே வேண்டாம், வெட்டிவிடுங்கள். சுவாமிப் படத்துக்குப் பூ வேண்டுமென்றால் செவ்வரத்தை நடலாம்.

மின்சாரம் இல்லாத கொட்டில்களிலும், மின் துண்டிப்பு நேரங்களிலும் போத்தல் விளக்கு எரிகின்றது. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர என்பவர், எரிகாயத்துடன் வந்த நோயாளரைக் கண்டு மனம் வருந்தி, 1990களில் 'சுதீப' என்ற பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். குட்டையானது, கனமானது, உருளாதபடி பக்கங்கள் தட்டையானவை, மூடி திருகு மூடி. அத்தகைய விளக்கு கிடைக்காவிடினும் அதன் பாடம் கிடைக்கும். உயர்ந்த மெல்லிய போத்தலில் விளக்குச் செய்யாதீர்கள், நிலத்தில் வைக்காதீர்கள், மண்ணெண்ணெயைத் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

படுக்கை பற்றி ஒரு சொல். தனி அறை வேண்டியதில்லை. தனிப் பாய் வேண்டும், தனித் தலையணை வேண்டும், நுளம்பு வலை வேண்டும். மலேரியா இந்நாட்டில் ஒழிந்துவிட்டது என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, டெங்கு ஒழியவில்லை. பிள்ளையின் உடுப்புக்கு ஒரு சிறு பெட்டியோ, சுவரில் ஓர் ஆணியோ, அதற்கென்றே இருக்கட்டும். இடம்பெயர்ந்து பாடசாலை மண்டபத்தில் ஒரு சேலையால் மறைத்து, "இது எங்கட இடம்" என்று சொல்லி நிம்மதி கண்டவர்கள் நீங்கள். அந்த நிம்மதி ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்கும் வேண்டியிருக்கின்றது.

வளவு ஆயத்தமாகலாம், வீட்டார் ஆயத்தமா? கணவன் அரை மனத்தோடு இருக்கும் வீட்டுக்குப் பிள்ளை போகக்கூடாது. மனைவியின் இரக்கத்தால் வந்த பிள்ளை, கணவனுடைய ஒவ்வொரு கோபத்துக்கும் காரணமாகிவிடும். குடிப்பவர் உள்ள வீடு வேண்டாம். இதில் நாம் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. கள்ளுத்தானே என்பவருக்கும் இதே பதில். வீட்டுக்கு வந்து போகும் ஆண்கள் யார், இரவில் யார் எங்கே படுப்பது என்பவற்றை முன்னரே தீர்மானியுங்கள். சிறு பிள்ளை வளர்ந்த ஆணொருவரோடு ஒரே பாயில் படுக்க விடாதீர்கள். ஆணாயினும் பெண்ணாயினும் அது பொருந்தும். பேசக் கூச்சமான விடயம்தான். கூச்சப்பட்டுப் பேசாமல் விட்டதால் கெட்ட பிள்ளைகள் உள்ளனர். பிள்ளைக்குத் தீங்கு நேர்வதாக எவருக்குச் சந்தேகம் வந்தாலும், 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

மறுபுறத்தில், கணவனை இழந்த பெண்கள் "நாங்கள் தகுதியில்லை" என்று தாமாகவே ஒதுங்குவதைக் காண்கின்றோம். ஏன் ஒதுங்க வேண்டும்? தனித்து நின்று மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெண்ணைவிட இந்த வேலை தெரிந்தவர் யார்? அவருக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளையைப் பார்க்க ஒரு சகோதரியோ அயலவரோ இருக்கின்றனரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சொந்தப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அவர்களிடம் கேளாமல் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து, "இதுதான் உன்ர தம்பி, கவனமாகப் பார்" என்றால் ஒன்பது வயது மகளுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். யார் வருகின்றார், ஏன் வருகின்றார், எவ்வளவு காலம் இருப்பார், உனக்குரியது எது அப்படியே இருக்கும் என்பதைச் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளைகளின் மனத்தில் காணி பற்றிய பயமும் எழலாம். வளர்ப்புப் பிள்ளைக்குக் காணியில் உரித்து வராது என்பதைச் சொல்லிவிட்டால் அந்தப் பயம் அடங்கும்.

இனி, பிள்ளை வந்த முதல் வாரங்கள். அழாத பிள்ளையைப் பார்த்து, "என்ன நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை" என்று அயலவர் புகழ்வர். நாம் இதற்கு அஞ்சுகின்றோம். 1952 இல் ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர், இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் பெற்றோரைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்தார். அமைதியாக இருந்த பிள்ளை தேறிய பிள்ளையல்ல, துயரத்தை உள்ளே புதைத்த பிள்ளை என்பதை அந்தப் படம் வைத்தியர்களுக்கே காட்டியது. அதன்பின் பெற்றோர் வைத்தியசாலையில் பிள்ளைகளோடு தங்க மெல்ல மெல்ல இடமளிக்கப்பட்டது. ஆகவே, உங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை பத்து நாள் பேசாமல் இருந்து, பதினோராவது நாள் நிலத்தில் புரண்டு கத்தினால், அது கெட்டுப் போகவில்லை. உங்களிடம் அழலாம் என்று துணிந்திருக்கின்றது.

பாயை நனைக்கும். பாணைத் துண்டு துண்டாக்கித் தலையணைக்குக் கீழே ஒளிக்கும். நாம் அறிந்த ஒரு வீட்டில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படி ஒளித்துவர, எறும்பு மொய்த்தது. அந்த வீட்டம்மா ஏசவில்லை. மூடியுள்ள சிறு பேணி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு இரவும் இரண்டு விசுக்கோத்தை அதற்குள் இட்டு, பிள்ளையின் பாயருகே வைத்தார். இரண்டு மாதமளவில் பேணி திறபடாமலே கிடந்தது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைவிடச் சிறந்த பாடத்தை நாம் கேட்டதில்லை. அடியோ, "உன்ர கொம்மாவிட்டயே போ" என்ற சொல்லோ இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. சொந்தப் பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கும். வந்த பிள்ளை நம்பிவிடும்.

உணவில் புதுமை வேண்டாம். தாய் வீட்டில் என்ன உண்டது என்று கேட்டு அதையே முதலில் கொடுங்கள். மெலிந்த பிள்ளையாயின் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி நிறை பாருங்கள், தவறிய தடுப்பூசிகளை அவர் கொப்பியில் பார்த்துச் சொல்வார், திரிபோஷவும் கிடைக்கக்கூடும். பயறு, குரக்கன், முருங்கையிலை, முட்டை ஆகியவற்றைக் கொண்டு பிள்ளையைத் தேற்ற எங்கள் பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வேலை பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் நாம் கமக்காரர். வெங்காயம் கிண்டும் காலத்திலும் மிளகாய் பிடுங்கும் காலத்திலும் ஒவ்வொரு கையும் எமக்கு வேண்டும். இன்று ஐந்து வயதில் வரும் பிள்ளை ஐந்து வருடத்தில் பத்து வயதாகிவிடும். "வளர்க்கிறோம்தானே, கொஞ்சம் உதவி செய்தால் என்ன?" என்ற எண்ணம் நுழையும். 1945 ஜனவரியில் இங்கிலாந்தில், ஒரு பண்ணை வீட்டில் வளர்ப்புக்கு விடப்பட்ட 12 வயதுச் சிறுவன் பட்டினியாலும் அடியாலும் இறந்தான். அவனைப் பார்க்க வேண்டியவர்கள் ஒழுங்காகச் சென்று பார்க்கவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அந்த மரணம் எழுப்பிய அதிர்ச்சியும் 1948 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் அந்நாட்டில் உருவாகக் காரணமாயிற்று. எமது ஊர்களிலும் "வளர்க்கக் கொண்டு போகிறோம்" என்று மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் கொண்டு செல்லப்பட்டு, நகர வீடுகளில் கோப்பை கழுவிய சிறுமிகளின் கதை எல்லாருக்கும் தெரியும். இந்நாட்டில் பிள்ளைகளை வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் சட்டத்தைப் பார்க்க முன் ஓர் எளிய அளவுகோல் உண்டு. உங்கள் சொந்த மகன் அந்த வயதில் அந்த வேலையை அந்த நேரத்தில் செய்வானா? அவன் பாடசாலையில் இருக்கும் நேரத்தில் வளர்ப்புப் பிள்ளை தோட்டத்தில் நின்றால், அது வளர்ப்பல்ல, கூலியில்லா வேலை.

சமயம் பற்றி நாம் கூறப்போவது எமது மக்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். சைவப் பிள்ளை கத்தோலிக்க வீட்டுக்கு வந்தால், அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி எம்மிடம் கேட்க வேண்டாம். நாம் கொடுக்க மாட்டோம். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை, குடும்பத்தைப் பிரிந்த பிள்ளையின் சமயம், மொழி, பண்பாடு ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கவனத்திற் கொள்ளுமாறு கேட்கின்றது. இது வெறும் சட்ட விடயமன்று. எல்லாவற்றையும் இழந்து வந்த பிள்ளையிடம் திருநீறு மட்டும் எஞ்சியிருந்தால், அதையும் அழிப்பது எந்த வகையில் அன்பாகும்? செபமாலை சொல்லும் வேளையில் பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அயல் வீட்டுப் பாட்டியோடு கோயிலுக்கும் போகட்டும். சைவ வீட்டுக்கு வரும் கத்தோலிக்கப் பிள்ளைக்கும், இரு சமயத்தவரின் வீட்டுக்கு வரும் இஸ்லாமியப் பிள்ளைக்கும் இதே நியாயம் பொருந்தும். பெயரையும் மாற்ற வேண்டாம். வாயில் நுழையாத பெயராயினும் அது தாய் வைத்த பெயர்.

தாயைப் பற்றிக் கூடாதது சொல்லாதீர்கள். அவள் பிழை செய்தவளாகவே இருக்கலாம். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் கெட்டவள் என்றால் தானும் கெட்டது என்றே விளங்கும். "அம்மா தூர வேலைக்குப் போயிருக்கிறா", "அப்பாவுக்கு இப்ப உன்னைப் பார்க்க ஏலாது, அதனால நாங்கள் பார்க்கிறம்" என்று உண்மையைச் சிறிய சொற்களில் சொல்லலாம். நாளைக்கு வருவார் என்ற பொய் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தாய் தொலைபேசியில் பேசினால், பேசி முடிந்த பின் பிள்ளை ஒரு மணி நேரம் அழும். அதற்காகத் தொலைபேசியை நிறுத்தும் வீடுகள் உண்டு. நிறுத்தாதீர்கள், அந்த ஒரு மணி நேரமும் பிள்ளையை மடியில் வைத்திருங்கள். உங்களை "அம்மா" என்று அழைக்கும்படி பழக்கவும் வேண்டாம். பெரியம்மா, சித்தி, மாமி என்று எமது மொழியில் முறைப்பெயர்களுக்குப் பஞ்சமா என்ன?

எல்லாரும் கேட்கத் தயங்கும் கேள்வி கடைசியாக வரும்: "மூன்று வருடம் வளர்த்த பின் தாய் வந்து கேட்டால்?" தாய் தேறி, உத்தியோகத்தரும் நீதிமன்றமும் சம்மதித்தால், கொடுத்துவிட வேண்டும். வளர்த்தவர் அழுவார், சில நாள் சோறு இறங்காது. அதைத் தாங்க முடியாதென்று தோன்றினால் இந்தப் பணியை ஏற்க வேண்டாம், அதில் வெட்கமில்லை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொடுத்து ஒரு தாயை வேலைக்கு அனுப்புவதும் பெரிய உதவியே. ஏற்பவர்கள் திடீரென்று கைமாற்ற விடாதீர்கள். தாய் முதலில் இரண்டு மூன்று முறை உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் அடுப்படியில் பிள்ளைக்குச் சோறு ஊட்டட்டும். பின்னர் பிள்ளை அங்கே ஓர் இரவு தங்கி வரட்டும். பாடசாலை விடுமுறைக்கு உங்களிடம் வந்து நிற்கலாம் என்று தாயிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தாய்மார் மறுக்க மாட்டார்கள்.

போகும் நாளில், பொலித்தீன் உறையில் வைத்த பத்திரங்களையும், உங்கள் வீட்டில் எடுத்த இரண்டொரு படங்களையும், விளையாடிய சாமான்களையும் பையில் வையுங்கள். பிள்ளை உங்கள் வீட்டில் போர்த்துப் படுத்த துணியையும் துவைக்காமல் அப்படியே மடித்து வையுங்கள். முதல் சில இரவுகள் பிள்ளை அதையே போர்த்துப் படுக்க விடும்படியும், அதற்குப் பிறகு துவைக்கும்படியும் தாயிடம் சொல்லிவிடுங்கள்.